சூடோ இல்லாமல் ரூட்எஃப்எஸ்: எம்எம்டெப்ஸ்ட்ராப் எப்படி?

டெபியன் லினக்ஸுக்கு ரூட் ஃபைல்சிஸ்டம் (ரூட்எஃப்எஸ், அதாவது சிஸ்டம் ஓடத் தேவையான அடிப்படை ஃபைல்களின் தொகுப்பு) தயாரிக்க டெபூட்ஸ்ட்ராப் என்ற பழைய டூல்தான் கதி என்று இருப்பவர்கள் ஒருமுறை எம்எம்டெப்ஸ்ட்ராப்பை ஓட்டிப் பாருங்கள். பழையதில் ரூட் அதிகாரம் வேண்டும், ஒரே ஒரு மிர்ரர்தான் (பேக்கேஜ்களை இறக்கும் சர்வர்) கொடுக்கலாம், கடைசியில் கையில் கிடைப்பதோ வெறும் டைரக்டரி. அதை இமேஜ் ஆக்க காலி ஃபைல் ஒன்றை ஃபார்மேட் செய்து, அதை ஒரு டிஸ்க் போல லூப் மவுண்ட் போட்டு, காப்பி அடித்து, அப்புறம் அன்மவுண்ட் செய்து... போதும்டா சாமி.

எம்எம்டெப்ஸ்ட்ராப் பெர்லில் எழுதப்பட்டது. எந்த பேக்கேஜுக்கு எது தேவை என்று கணக்குப் போடும் வேலையை டெபியனின் பேக்கேஜ் மேனேஜரான ஆப்ட்டிடமே விட்டுவிடுவதால் செக்யூரிட்டி ரெப்போவையும் சேர்த்தே கொடுக்கலாம், கட்டி முடித்த கையோடு அப்கிரேடு ஓட்டத் தேவையில்லை. 'அன்ஷேர்' மோடில், அதாவது தனி யூசர் நேம்ஸ்பேஸுக்குள் ஓடும்போது, சூடோவே வேண்டாம். சப்யூஐடி ஃபைலில் உங்கள் யூசருக்கு ஐடி வரம்பு ஒதுக்கியிருந்தால் சரி. வேறு பிராசசரின் புரோகிராமை ஓட்டும் கியூஇஎம்யூ யூசர் எமுலேஷனும், அதைத் தானாகக் கூப்பிடும் பின்ஃபார்மட்டும் இருந்தால் ஆர்ம்64 போர்டுக்கானதையும் லேப்டாப்பிலேயே ஒரே கமாண்டில் முடிக்கலாம், போர்டில் போய் ஓட்ட வேண்டிய இரண்டாம் கட்டம் என்று தனியாக இல்லை. மெதுவாகத்தான் ஓடும், காபி போட்டுவிட்டு வாருங்கள்.

எனக்குப் பிடித்தது அவுட்புட் விஷயம். ஃபைல் பெயரின் முடிவில் டார் (ஆர்கைவ்) என்றோ ஸ்குவாஷ்எஃப்எஸ் (சுருக்கிய, படிக்க மட்டுமான இமேஜ்) என்றோ ஈஎக்ஸ்டி2 (பழைய லினக்ஸ் டிஸ்க் வடிவம்) என்றோ போட்டால் அதே வடிவத்தில் தந்துவிடுகிறது. ஆனால் ஈஎக்ஸ்டி2 பக்கம் கொஞ்சம் கவனம். உள்ளே அது கூப்பிடுவது ஜென்ஈஎக்ஸ்டி2எஃப்எஸ் என்ற இன்னொரு டூலை. அந்த வழியில் எக்ஸ்டென்டட் ஆட்ரிபியூட்டுகள் (ஃபைலோடு ஒட்டியிருக்கும் கூடுதல் தகவல்) இமேஜுக்குள் வருவதில்லை, அதில் பதிவாகும் ஃபைல் கேப்பபிலிட்டியை (ரூட்டின் ஒரு பகுதி அதிகாரம்) நம்பியிருக்கும் புரோகிராம்கள் பிறகு முரண்டு பிடிக்கும். திடீரென்று மின்சாரம் போனால் காப்பாற்றும் ஜர்னலும் கிடையாது.

அதனால் மூன்று வடிவம் வேண்டுமென்றால் மூன்று முறை ஓட்டாதீர்கள். ஒரே ஒரு டார் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்கு டார்2எஸ்க்யூஎஃப்எஸ், ஈஎக்ஸ்டி4க்கு எம்கேஈ2எஃப்எஸ்ஸின் '-டி' ஆப்ஷன் என்று மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அந்த ஆப்ஷன், எம்கேஈ2எஃப்எஸ் அடங்கிய ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் தொகுப்பின் 1.43இல் டைரக்டரியை மட்டும்தான் வாங்கியது, 2024இல் வந்த 1.47.1 முதல் லிப்ஆர்கைவ் லைப்ரரி இருந்தால் டாரையே நேராக வாங்கிக்கொள்கிறது. மவுண்ட், ரூட் எதுவும் வேண்டாம். ஸ்குவாஷ்எஃப்எஸ் எழுத முடியாத ஃபைல்சிஸ்டம் என்பதால் ஓடும்போது மாற்றங்களை எழுத மேலே ஓவர்லேஎஃப்எஸ் (எழுதக்கூடிய ஒரு அடுக்கு) போட்டாக வேண்டும். கம்ப்ரஷனுக்கு எக்ஸ்இசட் வைத்தால் சைஸ் குறையும், பூட் ஆகும்போது விரிக்க நேரம் பிடிக்கும், என் ஓட்டு இசட்எஸ்டிடிக்கு.

எவ்வளவு பேக்கேஜ் போட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வேரியன்ட்டில் 'எசென்ஷியல்' எடுத்தால் உள்ளே ஆப்ட்கூட இருக்காது, கன்டெய்னருக்கு ஓகே. எந்த வேரியன்ட் ஆனாலும் கெர்னல் தானாக வராது, நீங்கள்தான் 'இன்க்ளூட்' லிஸ்டில் சேர்க்க வேண்டும். பூட்லோடர் வேலை தனி.