டொரன்டோ–வான்கூவரா, வின்னிபெக்–சர்ச்சிலா: எந்த ரயிலில் ஏறுவது?

திப்ருகர்–கன்னியாகுமரி விவேக் எக்ஸ்பிரஸ் காட்பாடியில் நின்று போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "இதுல ஒரு தடவை முழுசா போயிட்டு வரணும்" என்பார். ரயில்வேயில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். நம் நாட்டிலேயே அதிக தூரம் ஓடுகிற அந்த வண்டி 4,100 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் ஏற இன்னும் வேளை வரவில்லை. அதைவிட நீண்ட பயணம் ஒன்று இப்போது வாய்த்திருக்கிறது. எங்கள் மகள் டொரன்டோவில் நர்ஸ். "ஜூன்ல வாங்கம்மா, ரயில்லயே கனடாவைக் காட்டுறேன். எந்த ரயில்னு நீங்களும் அப்பாவும் முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றாள். ஒரு மாதமாக எங்கள் சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் வரைபடம்தான் இருக்கிறது. எங்களைப் போலப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற வேலூர்க்காரர்கள் நிறைய பேர் என்பதால், அலசியதை எழுதி வைக்கிறேன்.

எங்களுக்குக் காடும் பார்க்க வேண்டும், ஊரும் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது, எனக்கு முழங்கால் வலி உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் தீர்ப்பு இதைப் பொறுத்ததுதான்.

முதலில் 'தி கனடியன்'. டொரன்டோவிலிருந்து வான்கூவருக்கு 4,466 கிலோமீட்டர், நான்கு இரவுகள். கனடா அரசின் பயணிகள் ரயில் நிறுவனமான வியா ரயில் ஓட்டுகிறது. 1950களில் செய்த துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகள், இன்றும் அவைதான் ஓடுகின்றன. சில பெட்டிகளுக்கு மாடியில் கண்ணாடிக் கூண்டு உண்டு. ஏறி உட்கார்ந்தால் எஞ்சின் வளைந்து போவதையும் வானத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒன்டாரியோ மாநிலத்தைத் தாண்டவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். பாறை, ஏரி, ஊசியிலைக் காடு, மறுபடி ஏரி. இரண்டாம் நாள் வின்னிபெக். அங்கே வண்டி சில மணி நேரம் நிற்கும். ரயில் நிலையத்துக்குப் பின்னாலேயே ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடுகிற 'தி ஃபோர்க்ஸ்' இருக்கிறது, இறங்கி நடந்துவிட்டு வரலாம். அப்புறம் கோதுமை வயல்கள், எட்மன்டன், ஜாஸ்பர், ராக்கி மலைகள். 3,954 மீட்டர் உயர ராப்சன் சிகரத்தை ஜன்னலிலேயே பார்க்கலாம் என்கிறார்கள், மேகம் வழிவிட்டால்.

இந்த வண்டியில் படுக்கை விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். எகானமி என்பது சாய்கிற இருக்கை மட்டும், நம் சேர் கார் மாதிரி. நான்கு இரவு உட்கார்ந்தே தூங்குவது இளவட்டங்களுக்குச் சரி. 'ஸ்லீப்பர் பிளஸ்' எடுத்தால் மூன்று வேளைச் சாப்பாடும் அதிலேயே அடங்கும். அதிலும் மலிவானது பெர்த். பகலில் எதிரெதிரே இரண்டு சோபா, ராத்திரி கீழே ஒன்று மேலே ஒன்று, கனத்த திரை. நம்ம ஊர் சைடு லோயர், சைடு அப்பரைப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. லோயருக்கு ஜன்னல் உண்டு, அப்பருக்குக் கிடையாது. அப்பர் விலை குறைவு. ஏணி ஏற முடியாத எனக்கு லோயர்தான், அதில் பேச்சே இல்லை. படுத்துக்கொண்டே விடியற்காலை காட்டைப் பார்க்கலாம் என்பதற்காகவே கூடுதல் காசு கொடுக்கலாம். குளிக்க, பெட்டிக்கு ஒரு ஷவர் அறை. சைவம் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

குறை என்னவென்றால், நேரம். தண்டவாளம் பெரும்பாலும் சிஎன் என்ற சரக்கு ரயில் நிறுவனத்துடையது, அதன் வண்டிகள்தான் அங்கே முதலில் போகும். இதைப் படித்துச் சொன்னதும் வீட்டுக்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். "அப்ப பாசஞ்சர் வண்டியையா லூப் லைன்ல போடுறான்?" ஆமாம். அங்கே சரக்கு வண்டிகள் மூன்று கிலோமீட்டர் நீளம் வரைகூட இருக்கும், ஒதுங்கி நிற்கிற பக்கப் பாதையான லூப்பில் அடங்காது. அதனால் ஒதுங்குவது பயணிகள் வண்டி. சில மணி நேரத் தாமதம் சாதாரணம், அதற்கு மேலும் ஆகும். வான்கூவரில் இறங்கிய அன்றே விமானம் பிடிக்கத் திட்டம் போடவே கூடாது.

இன்னொன்று உண்டு, அதை யாரும் முன்னால் சொல்வதில்லை. மேற்கே போகிற வண்டி அட்டவணைப்படி ஓடினால், வான்கூவருக்கு முன்னால் வருகிற ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கை இருட்டில்தான் கடக்கும். அந்த ஆற்றின் ஒரு கரையில் ஒரு நிறுவனத்தின் பாதை, மறு கரையில் இன்னொன்றின் பாதை. இரண்டு நிறுவனங்களும் பேசிவைத்துக்கொண்டு ஒரு கரையில் போகிற வண்டிகளையும் மறு கரையில் வருகிற வண்டிகளையும் விடுகின்றன. இதைப் பகலில் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தீராத ஆசை.

அந்த ஆசைக்கு விடை 'ராக்கி மவுன்டனீர்'. தனியார் வண்டி, பகலில் மட்டும் ஓடும், ராத்திரி கம்லூப்ஸில் இறக்கி ஓட்டலில் தங்கவைக்கும். வான்கூவரிலிருந்து பான்ஃப் அல்லது ஜாஸ்பர் வரை இரண்டு நாள். பான்ஃப் வழியில் போனால் கிக்கிங் ஹார்ஸ் கணவாயில் 1909இல் திறந்த சுருள் சுரங்கப்பாதைகள் வரும். மலைக்குள்ளேயே வளைந்து வளைந்து ஏற்றத்தைக் குறைக்கிற வேலைப்பாடு அது. மலையில் ஒரு நிமிஷக் காட்சியும் வீணாகாது. ஆனால் விலை மிக அதிகம், ஏரிகளும் சமவெளியும் இதில் இல்லை. மலை மட்டும் போதும், செலவு பரவாயில்லை என்பவர்களுக்கு இதுவே முதல் இடம். எங்களுக்கு இல்லை.

அதே பகல் பயணம் குறைந்த செலவில் வேண்டுமென்றால், ஜாஸ்பரிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட் போகிற வண்டி இருக்கிறது. ஸ்கீனா என்று அதைச் சொல்வார்கள். 1,160 கிலோமீட்டர், இரண்டு பகல், வாரத்துக்கு மூன்று முறை. நடுவே பிரின்ஸ் ஜார்ஜில் ராத்திரி தங்க வேண்டும், அறையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பகுதியில் ஸ்கீனா ஆற்றின் கரையோடு கடல் வரை போகும். சின்னச் சின்ன ஊர்களுக்கு அதுதான் பஸ் மாதிரி. எனக்கு மனசுக்குப் பிடித்தது உண்மையில் இதுதான். பெரிய நகரம் இல்லை என்ற ஒன்றுதான் தடுக்கிறது. அதோடு ஜாஸ்பருக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜூலை காட்டுத்தீயில் அந்த ஊரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. தங்குமிடத்தை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

உண்மையான வடக்கு என்றால் வின்னிபெக்–சர்ச்சில்தான். ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவு. நம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னை–டெல்லிக்கு ஏறக்குறைய 2,180 கிலோமீட்டரை ஒன்றரை நாளுக்குள் ஓடிவிடும். இந்த வண்டி அதைவிடக் குறைந்த தூரத்துக்கு அதைவிட அதிக நேரம் எடுக்கும். காரணம் மண். வடக்கே போகப் போக நிலம் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கிறது, மேற்பரப்பு இளகி இறுகும்போது தண்டவாளம் நெளிகிறது, அதனால் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். சர்ச்சிலுக்குச் சாலையே கிடையாது. 2017 வெள்ளத்தில் பாதை அடித்துப்போனபோது, 2018 கடைசியில் ரயில் திரும்பும் வரை சாமான்கள் விமானத்தில் போக வேண்டியிருந்தது. பனிக்கரடிக்கு அக்டோபர், நவம்பர். ஹட்சன் விரிகுடா உறைந்தால்தான் அவை சீல் வேட்டைக்குப் போக முடியும், அதற்காகக் கரையில் காத்திருக்கும். வெள்ளைத் திமிங்கிலமான பெலுகாவுக்கு ஜூலை, ஆகஸ்ட். நாங்கள் போவது ஜூன், அதனால் இரண்டும் தவறும். வேலூர் மே மாத வெயிலிலிருந்து நேரே அந்த நவம்பர்க் குளிருக்கு என்னால் போகவும் முடியாது. முடிந்தவர்கள் தயங்காமல் போங்கள். மற்ற எந்த வண்டியிலும் இது கிடைக்காது.

அலாஸ்கா பற்றிச் சுருக்கமாக. ஆங்கரேஜ்–ஃபேர்பேங்க்ஸ் டெனாலி ஸ்டார், 12 மணி நேரம், கோடையில் தினமும் உண்டு. ஒரே பகலில் நகரமும் காடும் முடியும் என்பதில் இதை அடிக்க வேறு வண்டி இல்லை. ஆனால் அது அமெரிக்கா. கனடா விசாவுக்கே சென்னைக்கு நடந்தவர்கள் நாங்கள், இன்னொரு விசாவுக்குத் தெம்பில்லை. அமெரிக்க விசா கையில் இருப்பவர்கள் இதையே முதலில் பாருங்கள்.

ஆக எங்கள் முடிவு: தி கனடியன்தான், ஆனால் ஒரே மூச்சில் இல்லை. டொரன்டோவில் ஏறி ஜாஸ்பரில் இறங்குகிறோம், மூன்று இரவு. அங்கே தங்கிவிட்டு அடுத்த வண்டியில் வான்கூவர். கனடியன் வாரம் இரண்டு முறைதான் என்பதால், தங்குகிற நாட்களை முதலில் முடிவு செய்து, பிறகு இரண்டு டிக்கெட்டையும் சேர்த்துப் போட வேண்டும். நானும் வீட்டுக்காரரும் எதிரெதிர் லோயர் பெர்த், மகளுக்கு என் தலைக்கு மேலே அப்பர். வான்கூவரில் இரண்டு இரவு அறை, அதற்கு அப்புறம்தான் விமானம். ஃப்ரேசர் பள்ளத்தாக்கு இருட்டில் போய்விடுமே என்று வீட்டுக்காரருக்கு இன்னும் வருத்தம். "வண்டி நாலு மணி நேரம் லேட்டானா அது விடிஞ்சப்புறம் வருமில்ல?" என்று நேற்று ராத்திரி அட்டவணையை மறுபடி எடுத்து, கம்லூப்ஸுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.