வரைபடச் செயலியில் சொந்த விட்ஜெட்: மூன்று பாதைகள், எது எங்கே உடைகிறது?

எஸ்ரி நிறுவனத்தின் வரைபட மென்பொருளான ஆர்க்ஜிஐஎஸ்ஸில் ஒரு இணைய வரைபடம் தயாராக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு செயலி வேண்டும். ஆனால் தயாராகக் கிடைக்கும் விட்ஜெட் (செயலிக்குள் செருகும் சிறு கருவி) எதுவும் நமக்குத் தேவையான வேலையைச் செய்யவில்லை. சரி, நாமே எழுதிக்கொள்ளலாம் என்று இறங்கினால் மூன்று பாதைகள் இருக்கின்றன: பழைய வெப் ஆப்பில்டரின் டெவலப்பர் பதிப்பு (சொந்தக் கணினியில் நிறுவி நிரல் எழுதும் பதிப்பு), அதற்கு அடுத்து வந்த எக்ஸ்பீரியன்ஸ் பில்டரின் டெவலப்பர் பதிப்பு, இரண்டும் வேண்டாம் என்று லீஃப்லெட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் வரைபட நூலகத்தை வைத்துத் தொடக்கத்திலிருந்து எழுதுவது.

வசதிகளைப் பட்டியல் போட்டு ஒப்பிடும் கட்டுரைகள் நிறைய உண்டு. நான் பார்ப்பது வேறொன்றை. ஏதாவது உடைந்தால், எங்கே உடைந்தது என்று அந்தக் கருவி எவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது? முதல் விட்ஜெட்டின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே பலர் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

நிறுவுவதற்கு எளிது வெப் ஆப்பில்டர். ஜிப் கோப்பை விரித்து, தொடக்கக் கோப்பை இயக்கினால் 3344 என்ற போர்ட்டில் சர்வர் எழுந்து உலாவியும் திறந்துவிடும். அடுத்து போர்ட்டல் (உங்கள் ஆர்க்ஜிஐஎஸ் கணக்கு இருக்கும் தளம்) முகவரியும், அங்கே செயலியைப் பதிவு செய்தால் கிடைக்கும் ஆப் ஐடியும் கேட்கும். பலருக்கு முதல் தடை இங்கே வருகிறது: ரீடைரக்ட் முகவரி (உள்நுழைந்த பின் திரும்பி வரவேண்டிய முகவரி) செல்லாது என்ற பிழை. காரணம் சின்னதுதான். ஆப் ஐடியைப் பதிவு செய்யும்போது லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்திருப்பார்கள். தொடக்கக் கோப்போ கணினியின் பெயரை வைத்து முகவரியைத் திறக்கும். இரண்டும் ஒரே கணினிதான், ஆனால் போர்ட்டல் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பதும் அந்த ஒப்பீட்டில் அடக்கம். உலாவியின் முகவரிப் பட்டியில் இருப்பதை அப்படியே நகலெடுத்துப் பதிவுப் பக்கத்தில் சேர்த்தால் பிரச்சினை தீர்ந்தது. போர்ட்டல் முகவரியையே தவறாகக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டாம். சர்வர் கோப்புறையில் உள்நுழைவு விவரங்களை வைத்திருக்கும் ஜேசான் கோப்பை மட்டும் நீக்கிவிட்டு சர்வரை மறுபடி தொடங்குங்கள், திரும்பவும் கேட்கும்.

இரண்டாவது தடை இதைவிட மோசமானது, ஏனென்றால் அதற்குப் பிழைச்செய்தியே வராது. விட்ஜெட்டை ஸ்டெம்ஆப் கோப்புறையில் வைக்கிறீர்கள், திருத்துகிறீர்கள், சேமிக்கிறீர்கள். ஏற்கெனவே உருவாக்கிய செயலியில் ஒன்றும் மாறுவதில்லை. ஸ்டெம்ஆப் வெறும் அச்சு. புதுச் செயலி ஒன்றை உருவாக்கும் நேரத்தில் அதிலிருந்து ஒரு நகல் எடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். பழைய செயலியின் நகல் சர்வருக்குள் ஆப்ஸ் கோப்புறையில், ஓர் எண்ணின் பெயரில் தனியாக இருக்கும். மாற்றத்தை அங்கேயும் செய்ய வேண்டும். இதை யாரும் சொல்லித்தராவிட்டால் உலாவியின் தற்காலிகச் சேமிப்பைத் திரும்பத் திரும்ப அழித்துக்கொண்டே இருப்போம்.

இத்தனைக்கும் மேல் இதைத் தவிர்க்க ஒரு பெரிய காரணம். வெப் ஆப்பில்டரின் இருபரிமாணச் செயலிகள் டோஜோ என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பையும் ஆர்க்ஜிஐஎஸ் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 3ஆம் தலைமுறையையும் நம்பியிருந்தன. அந்தத் தலைமுறை 2024 ஜூலையில் ஓய்வு பெற்றுவிட்டது. இருக்கும் செயலியைக் கொஞ்ச நாள் ஓட்டவேண்டிய கட்டாயம் இருந்தால் ஒழிய, புதிதாக யாரும் இதில் கால்வைக்க வேண்டாம் என்பேன்.

எக்ஸ்பீரியன்ஸ் பில்டருக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ். நிறுவுவதுதான் கஷ்டம், அப்புறம் வேலை சீராகப் போகும். சர்வர், கிளையன்ட் என்று இரண்டு கோப்புறைகள். இரண்டுக்கும் தனித்தனி டெர்மினல், இரண்டிலும் நோட் (உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் மென்பொருள்) உடன் வரும் என்பிஎம் மூலம் தொகுப்புகளை நிறுவி, இரண்டையும் ஓடவிட வேண்டும். சர்வரை மட்டும் ஓடவிட்டுவிட்டு விட்ஜெட் ஏன் தெரியவில்லை என்று தேடுவது ரொம்பவும் சகஜம். விட்ஜெட்டைத் தொகுப்பது கிளையன்ட் பக்கம்தான்.

தொகுப்புகளை நிறுவும்போதே தோற்றால் முதலில் நோட் பதிப்பைப் பாருங்கள். எக்ஸ்பீரியன்ஸ் பில்டரின் ஒவ்வொரு வெளியீடும் எந்த நோட் பதிப்போடு ஓடும் என்று ஆவணத்திலேயே இருக்கிறது. 'இருப்பதிலேயே புதியது' என்று எடுப்பது பல நேரம் தவறாகிவிடும். பல திட்டங்களை ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் என்விஎம் போன்ற பதிப்பு மாற்றியை வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி போய்விடும். விண்டோஸில் கோப்புறைப் பாதையின் நீளத்தையும் கவனியுங்கள். வழக்கமான எல்லை 260 எழுத்துகள்; டவுன்லோட்ஸுக்குள் மூன்று நிலை ஆழத்தில் விரித்தால் தொகுப்புகள் இறங்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறை அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். டிரைவின் வேரிலேயே சின்னப் பெயரில் ஒரு கோப்புறை போதும்.

அலுவலக வலையமைப்பில் இன்னொரு வில்லங்கம் உண்டு. இடையில் இருக்கும் ப்ராக்ஸி தன் சொந்தச் சான்றிதழைச் செருகுவதால், சான்றிதழ்ச் சங்கிலியை நம்ப முடியவில்லை என்று என்பிஎம் நின்றுவிடும். சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிடு என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். அதைச் செய்யாதீர்கள். பிறகு எந்தத் தொகுப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு உத்தரவாதமே இல்லை. அலுவலகத்தின் வேர்ச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, கூடுதல் சான்றிதழாக நோடுக்குச் சூழல் மாறியில் கொடுப்பதுதான் முறையான வழி.

இதையெல்லாம் தாண்டினால் 3001 போர்ட்டில் எச்டிடிபிஎஸ் முகவரி திறக்கும். தானே கையொப்பமிட்ட சான்றிதழ் என்பதால் உலாவி எச்சரிக்கும். உங்கள் சொந்தக் கணினி என்பதால் தொடரலாம். ரீடைரக்ட் முகவரிச் சிக்கல் இங்கேயும் உண்டு, மருந்தும் அதேதான்.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கிறது? திரைப்பகுதிகளைக் கட்டும் ரியாக்ட்டும், நிரலில் உள்ள தவறுகளை முன்பே பிடிக்கும் டைப்ஸ்கிரிப்ட்டும். பெயரை மாற்றி எழுதினாலோ இல்லாத பண்பைக் கேட்டாலோ கிளையன்ட் டெர்மினலே கோப்பையும் வரியையும் சொல்லிவிடும். சத்தமில்லாமல் ஏமாற்றும் இடங்கள் குறைவு. எனக்குத் தெரிந்த முக்கியமானவை இரண்டு: விட்ஜெட்டின் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் உள்ள பெயரும் விட்ஜெட் கோப்புறையின் பெயரும் ஒன்றாக இல்லாமல் போவது, புதுக் கோப்புறை சேர்த்த பிறகு கிளையன்ட்டை நிறுத்தித் தொடங்காமல் விடுவது. நம் விட்ஜெட்டுகள் தனிக் கோப்புறையில் இருப்பதால், அடுத்த வெளியீட்டுக்கு மாறும்போது அவற்றைத் தனியாக எடுத்துச் செல்லவும் முடிகிறது.

லீஃப்லெட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் நிறுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டைல் கோப்பு, ஒரு ஸ்கிரிப்ட், வரைபடம் தெரியும். தெரியாவிட்டால் பெரும்பாலும் வரைபடப் பெட்டிக்கு உயரம் கொடுக்க மறந்திருப்பீர்கள். வரைபடத்தின் ஓடுகள் (சதுரப் படத் துண்டுகள்) சிதறிக் கிடந்தால் ஸ்டைல் கோப்பு ஏறவில்லை. புள்ளிகள் வேறு கண்டத்தில் விழுந்தால், ஜியோஜேசான் என்ற தரவு வடிவம் தீர்க்கரேகையை முதலில் எழுதும், லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும் என்பதை நினைத்துப்பாருங்கள். எஸ்ரி லீஃப்லெட் என்ற செருகுநிரலைச் சேர்த்தால் ஆர்க்ஜிஐஎஸ் சேவைகளையும் இழுத்துக் காட்டலாம். ஆனால் உள்நுழைவு, அச்சிடுதல், அட்டவணை, திருத்தும் படிவம் எல்லாம் இனி உங்கள் பொறுப்பு.

ஆகவே என் தேர்வு இது. பொதுமக்கள் பார்க்க ஒரே வரைபடம், சில அடுக்குகள், உள்நுழைவு வேண்டாம் என்றால் லீஃப்லெட். ஆர்க்ஜிஐஎஸ் கணக்குகளோடு பலர் தரவைத் திருத்தும் செயலி என்றால், நிறுவும் நாளின் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு எக்ஸ்பீரியன்ஸ் பில்டர். பழைய வெப் ஆப்பில்டர் விட்ஜெட் ஒன்று கையில் இருக்கிறது, அதை அப்படியே கொண்டுவரலாமா என்றால், முடியாது. டோஜோவில் எழுதிய நிரலை எக்ஸ்பீரியன்ஸ் பில்டர் ஏற்காது. அந்த விட்ஜெட் என்ன செய்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு ரியாக்டில் புதிதாக எழுத வேண்டும். அந்த வேலைக்கான நாட்களையும் திட்டத்தில் சேர்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.