ஜெய்ப்பூர் கால்: வயலுக்கும் திண்ணைக்கும் ஏற்ற பாதம், முதல் மூன்று மாதத்தைத் தாண்டினால்

செயற்கைக் காலை வாங்கி வந்து, பத்துப் பதினைந்து நாள் மாட்டிப் பார்த்துவிட்டுப் பரணில் ஏற்றிவிடுபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் கால் மோசம் என்பதால் அல்ல. வலித்தது, தோல் உரிந்தது, பிறகு லொடலொடவென்று ஆனது, விட்டுவிட்டார்கள். இந்த மூன்றுக்கும் காரணம் தெரியும், மூன்றுக்கும் வழியும் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லாமல், ஜெய்ப்பூரில் உருவான ரப்பர் பாதம் கொண்ட செயற்கைக் காலான ‘ஜெய்ப்பூர் கால்’ பற்றி மதிப்பிட்டால் அது பாதி மதிப்பீடுதான். முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டவர்களுக்கான செயற்கைக் காலைத்தான் இங்கே விரிவாகப் பார்க்கிறோம்.

முதலில் பாதம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே மூன்று துண்டுகள் தெரியும். குதிகாலிலும் முன்பாதத்திலும் எம்.சி.ஆர். ரப்பர், சர்க்கரை நோயாளிகளுக்கும் தொழுநோயாளிகளுக்கும் தைத்துக் கொடுக்கும் செருப்பில் இருக்கும் அதே மெத்து ரப்பர். கணுக்காலில் மரக்கட்டை. இவற்றைச் சுற்றி நூலிழை பதித்த டயர் ரப்பர், அதற்கு மேல் தோல் நிற ரப்பர். எல்லாவற்றையும் அச்சுக்குள் வைத்துச் சூடேற்றி ஒரே பாதமாக இறுக்குகிறார்கள். உள்ளே நீளமான கட்டை எதுவும் குறுக்கே ஓடாததால் பாதம் மேலே மடங்கும், பக்கவாட்டில் சாயும், கொஞ்சம் திரும்பவும் செய்யும்.

இந்த அசைவு ஏன் முக்கியம் என்றால், மேல்நாட்டிலிருந்து வந்த ‘சாக்’ (SACH) என்னும் வகைச் செயற்கைப் பாதத்துக்குள் விறைப்பான மரத்தண்டு உண்டு. அது ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. குத்துக்காலிட்டு உட்கார முடியாது, சம்மணம் போட்டால் உறுத்தும், சேற்றில் இறங்கினால் ஷூ நனைந்து கனத்துப் பாழாகும். ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மாற்று தேடியது இதனால்தான். முழுக்க ரப்பரில் வார்த்துப் பார்த்த பாதம் கனத்தது, வளையவும் இல்லை. லாரி டயருக்கு ரீட்ரெடிங் செய்யும் பட்டறையின் நுட்பத்தைக் கடன் வாங்கி, கனம் தந்த இடத்தில் மெத்து ரப்பரைப் புகுத்தி, திரும்பத் திரும்ப மாற்றித்தான் 1968 வாக்கில் இந்த வடிவத்துக்கு வந்தார்கள். காப்புரிமை எடுக்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். தரமும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

ஆகவே வாங்கும்போது பாருங்கள். முன்பாதத்தைக் கையால் மேலே வளைத்து விட்டால் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். விரல்கள் தொடங்கும் மடிப்பில் மயிரிழை வெடிப்புகூட இருக்கக் கூடாது. மரக்கட்டையும் ரப்பரும் சேரும் விளிம்பில் நகம் நுழையக் கூடாது. பிற்பாடு ரப்பர் பிளப்பது முன்பாத மடிப்பில், பிரிவது கட்டை விளிம்பில். மற்ற இடங்கள் எளிதில் போவதில்லை.

பாதத்தைவிட நூறு பங்கு கவனம் வேண்டியது சாக்கெட்டுக்கு, அதாவது எஞ்சிய கால் உள்ளே போய் உட்காரும் குழாய்க்கு. மாவுக்கட்டுத் துணியால் அளவெடுத்து, அதிலிருந்து மாவு அச்சு வார்த்து, எலும்பு துருத்தும் இடங்களில் மாவைக் கூட்டி, எடை தாங்க வேண்டிய இடங்களில் செதுக்கிக் குறைத்து, சூட்டில் இளகிய எச்.டி.பி.இ. என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாயை அதன் மேல் இழுத்துப் போர்த்துகிறார்கள். முன்பு அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்த வேலை இது. எச்.டி.பி.இ. துருப்பிடிக்காது, கிணற்றடியிலும் வயலிலும் பயமில்லை. எங்காவது குத்தினால் அந்த ஓரிடத்தை மட்டும் சூடேற்றி வெளியே தள்ளிவிடலாம். குறை ஒன்று: வியர்வை எங்கும் போகாது. நம் ஊர் வெயிலில், சாக்கெட்டுக்குள் எஞ்சிய காலில் போடும் உறையை ஒரு நாளில் இரண்டு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

எடை எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநார்தான் முக்கியமாகத் தாங்க வேண்டும். எஞ்சிய காலின் நுனி, வெளிப்பக்க எலும்பு முண்டு, கணைக்காலின் முன்விளிம்பு ஆகிய மூன்றும் தாங்கக் கூடாது. நுனியில் வலித்தால் ‘போகப் போகப் பழகிவிடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது சாக்கெட்டின் தவறு, திருத்திக் கேளுங்கள்.

இனி பரணில் போய்விடாமல் காப்பாற்றும் வேலை. அது அளவெடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. புண் ஆறியதும் கிரேப் பேண்டேஜை எட்டு வடிவில், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்துச் சுற்ற வேண்டும். வளையம் வளையமாகச் சுற்றினால் நுனி வீங்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது வீட்டார் அன்பால் செய்யும் பெரிய தவறு. மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் எந்தக் காலும் சரியாகப் பொருந்தாது.

கால் கிடைத்ததும் முதல் நாள் கால் மணியிலிருந்து அரை மணி நேரம் மட்டும். கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு இருபது நிமிடத்துக்குள் மறைந்தால் மறுநாள் அரை மணி கூட்டலாம். மறையாவிட்டால் கூட்டாதீர்கள், கால் பொருத்திய மையத்துக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலி தெரியாமல் போகலாம். கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும். எஞ்சிய காலை இரவில்தான் கழுவ வேண்டும். காலையில் கழுவி ஈரத்தோடு மாட்டினால் தோல் ஊறி உரியும்.

இரண்டாம் மூன்றாம் மாதத்தில் கால் லொடலொடக்கத் தொடங்கும். பலர் மனம் விடுவது இங்கேதான். எஞ்சிய கால் மெலிகிறது, அவ்வளவுதான். முதல் ஒரு வருடம் வரைகூட மெலியும். ஓர் உறை கூடுதலாகப் போடுங்கள், பிறகு இன்னொன்று. மூன்று நான்கு கெட்டி உறைகள் தேவைப்படும் நிலை வந்தால் புது சாக்கெட் கேட்கும் நேரம் வந்துவிட்டது. முதல் சாக்கெட் நிரந்தரமல்ல என்று அளவெடுக்கும் அன்றே சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் நடையைக் கைவிடமாட்டார்கள். அதைச் சொல்லாமல் அனுப்பும் கால் பொருத்தும் முகாம்கள் மீது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்தக் காலால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று கேட்பவர்களுக்கு சுதா சந்திரனைத்தான் காட்ட வேண்டும். 1981இல் திருச்சி அருகே விபத்து. வலது கால் எடுக்கப்பட்டது. ஜெய்ப்பூர் காலோடு பயின்று 1984இல் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார். தட்டடவு என்பது உள்ளங்காலைத் தரையில் அறைவது. ஒவ்வொரு அறையும் சாக்கெட் வழியாக எலும்புக்கு ஏறும். அந்த மூன்று வருடத்துக்குள் என்ன இருந்திருக்கும் என்பது சாக்கெட் போட்டவர்களுக்குப் புரியும்.

குறைகளை மறைக்க வேண்டாம். பாதம் கனமானது, மெலிந்த பெண்களும் முதியவர்களும் மாலையில் அதை உணர்வார்கள். கார்பன் பாதம் போல உந்தித் தராது, ஓட்டத்துக்கு ஏற்றதல்ல. தினமும் வேலைக்குப் போகிறவருக்குச் சுமார் மூன்று வருட ஆயுள் என்று வைத்துக்கொள்ளலாம். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்குப் பாதம் மட்டும் போதாது, மூட்டும் வேண்டும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய நைலான் மூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். நடக்கும்போது மடங்காமல் பூட்டி நிற்கும் வெறும் பூட்டு மூட்டைவிட நடை இயல்பாக இருக்கும்.

ஜெய்ப்பூரில் டி.ஆர். மேத்தா 1975இல் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி இந்தக் காலை இலவசமாகவே பொருத்துகிறது. ஊர் ஊராக முகாமும் நடத்துகிறது. இலங்கையில் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. முகாமா நிலையான மையமா என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் மையத்தையே தேர்ந்தெடுங்கள். திருத்தத்துக்குத் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும்.

போகும்போது அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் தாள், அரைக்கால் சட்டை, நீங்கள் அன்றாடம் போடும் செருப்பு ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். செருப்பின் குதிகால் உயரத்துக்கு ஏற்பத்தான் பாதத்தின் சாய்வை வைப்பார்கள். பிற்பாடு உயரமான செருப்புக்கு மாறினால் முழங்கால் முன்னே தள்ளும்.