கேசட்டை டிவிடி ஆக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: 2,400 ரூபாய் போச்சு

பழைய கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றித் தரும் கடை ஒன்றில் 2,400 ரூபாயைத் தொலைத்தாயிற்று. மூன்று விஎச்எஸ் கேசட், ஒன்றுக்கு 800. கொடுக்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வாங்கப் போனபோது கடைக்காரர் முதல் ஐந்து நிமிடம் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளை அழைப்பு, நாதஸ்வரம், எல்லாம் கச்சிதம். "பாத்துக்குங்க சார், எவ்வளவு பளிச்சுனு இருக்கு" என்றார். நம்பி முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். ஏமாந்த இடம் அதுதான். இந்தக் கோளாறு முதல் ஐந்து நிமிடத்தில் தெரியவே தெரியாது.

வீட்டில் ஓட்டினால் நாற்பதாவது நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். முகூர்த்தத்தில் தவில் அடி விழுந்து இரண்டு விநாடி கழித்துத்தான் கெட்டிமேளம் கேட்கிறது!

காரணம் இதுதான். டேப் கசங்கிய இடங்களில் சிக்னல் தடுமாறும். கேசட்டில் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் பதிகிற கேப்சர் கருவி அந்த இடத்து ஃபிரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, விட்டுவிடும். நம் ஊர் வீடியோவின் பிஏஎல் முறையில் விநாடிக்கு 25 ஃபிரேம். ஒன்று போனால் 40 மில்லி விநாடி, ஐம்பது போனால் இரண்டு விநாடி. ஒலி மட்டும் விடாமல் பதிவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே படம் முந்தும், சத்தம் பிந்தும். நடுவில் டைம் பேஸ் கரெக்டர் (தடுமாறும் சிக்னலைச் சீராக்கும் கருவி) வைத்துப் பதிந்திருந்தால் இவ்வளவு விலகாது.

போய்க் கேட்டால், "உங்க பிளேயர்ல கோளாறு சார்." லேப்டாப்பில் விஎல்சியில் போட்டுக் காட்டினேன், அதே இரண்டு விநாடி. உடனே, "கேசட்டே அப்படித்தான் சார்." ஒரே டேப்பில் படமும் ஒலியும் சேர்ந்து ஓடும்போது அது எப்படி விலகும்? பதில் இல்லை.

மூன்று நாள் கழித்து வேறு டிஸ்க் தந்தார்கள். மொத்த ஒலியையும் இரண்டு விநாடி முன்னால் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இப்போது முகூர்த்தம் சரி; தொடக்கத்தில் ஊதும் முன்பே நாதஸ்வரம் கேட்கிறது. முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகல் என்றால் இப்படித் தள்ளலாம். சீராகக் கூடிக்கொண்டே போனால் ஒலியின் நீளத்தைச் சுருக்கலாம். இது இடத்துக்கு இடம் குதிக்கிற விலகல். குதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒலியை வெட்டி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் மறுபடி கேப்சர் செய்ய வேண்டும். அந்த வேலைக்குத்தானே 2,400?

நேற்று போன் செய்தால், "ஓனர் வெளியூர்ல இருக்கார்." இன்று எடுக்கவே இல்லை.

விவரமாக எழுதப் பொறுமையில்லை. சுருக்கமாக: பணம் கொடுக்கும் முன் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். தவில் அடி, கைதட்டல் வரும் இடமாகப் பாருங்கள். டிஸ்க்கோடு கேப்சர் செய்த ஃபைலையும் கேளுங்கள். DV AVI வகை ஃபைல் என்றால் ஒரு மணி நேர வீடியோவுக்கு சுமார் 13 ஜிபி; அவ்வளவு பெரிய ஃபைல் ஏற, பென்டிரைவ் எக்ஸ்ஃபாட் (exFAT) முறையில் ஃபார்மேட் செய்ததாக இருக்கட்டும். ஒலி டிவிடிக்கு உரிய 48,000 ஹெர்ட்ஸில் பதிவாகிறதா என்று கேளுங்கள், முழிக்கிற கடையில் கொடுக்காதீர்கள். கேசட்டை அன்றே திரும்ப வாங்கிவிடுங்கள். என் மூன்றாவது கேசட் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, அதை வாங்கத்தான் இப்போது கிளம்புகிறேன்.