குண்டு மூக்கா, நேர் மூக்கா? சரக்குக் கப்பலுக்கு எது மிச்சம்?

சரக்குக் கப்பலின் முன்னால் தண்ணீருக்குள் உருண்டையாக ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்குமே, அது இருந்தாலே எரிபொருள் மிச்சம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தோடு ஓடுகிறது என்று கேட்காமல் அதைச் சொல்லவே முடியாது.

கப்பல் ஓடும்போது முன்முனையில் ஓர் அலை எழும். அதை எழுப்பும் சக்தி எஞ்சினிலிருந்துதான் போகிறது. குமிழும் தன் பங்குக்கு ஓர் அலையை எழுப்பும். இதன் பள்ளம் அதன் மேட்டில் போய் விழுந்தால் இரண்டும் அடங்கிவிடும், எஞ்சினுக்குச் சுமை குறையும். ஆனால் அலையின் நீளம் வேகத்தின் வர்க்கத்தோடு மாறுகிறது. 24 நாட் (மணிக்குச் சுமார் 44 கி.மீ.) வேகத்தில் சுமார் 98 மீட்டர் இருக்கும் அலை, 16 நாட்டில் 43 மீட்டராகச் சுருங்கிவிடும். அப்புறம் எங்கே பள்ளமும் மேடும் பொருந்துவது? பாரம் குறைந்து கப்பல் மேலே எழும்பினால் இன்னும் மோசம், குமிழின் தலை வெளியே வந்து தண்ணீரைச் சும்மா உடைத்துக்கொண்டே போகும்.

அமெரிக்கப் போர்க்கப்பல் டெலவேர் (1910), ஜெர்மன் பயணிகள் கப்பல் பிரேமன் (1929) என்று குமிழ் முதலில் வேகக் கப்பல்களில் வந்தது தற்செயல் இல்லை. வேகம் கூடக் கூட மொத்தத் தடையில் அலையின் பங்கு ஏறும், குமிழுக்கு வேலை இருக்கும். 2008க்குப் பிறகு எரிபொருளை மிச்சம் பிடிக்க கன்டெய்னர் கப்பல்களை மெதுவாக ஓட்டத் தொடங்கியதும் பெரிய குமிழ்கள் பல சுமையாகிப்போயின. சில நிறுவனங்கள் அவற்றை வெட்டியெறிந்து சிறியதைப் பொருத்தின.

நேர் மூக்கு, அதாவது செங்குத்தாக இறங்கும் முன்முனை, இந்த வித்தை எதுவும் செய்யாது. அதே மொத்த நீளத்துக்குள் நீர்மட்ட நீளம் கொஞ்சம் கூடுகிறது, கூடுதலாக நனையும் பரப்பு இல்லை, பாரம் மாறினாலும் பெரிதாகக் கெடுவதில்லை, தகட்டை வளைக்கும் செலவும் குறைவு. 14 நாட்டில் போகும் பல்க் கேரியருக்கும் (நிலக்கரி, தானியம் போன்றவற்றை மூட்டை கட்டாமல் கொட்டி ஏற்றும் கப்பல்) எண்ணெய் ஏற்றும் டேங்கருக்கும் உராய்வுதான் பெரிய எதிரி, அங்கே எனக்கு இதுதான் சரி என்று படுகிறது. பழைய டேங்கர்களில் குமிழ் இருந்ததே என்றால், ஆமாம், சரக்கில்லாமல் திரும்பும்போது மொண்ணையான முன்முனையைச் சுற்றி நீர் ஒழுங்காக ஓட அது உதவியது. இன்று முன்முனையையே கூராக வரைகிறார்கள்.

வேகமாக, எப்போதும் ஏறக்குறைய ஒரே பாரத்தோடு ஓடும் கப்பல் என்றால் குமிழை விடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றுக்கு, ஒரு வேகத்துக்கென்று கச்சிதமாகச் செதுக்காமல் பல வேகங்களுக்குச் சமாளிக்கும் சிறு குமிழ் போதும். ஒரே வேகத்தில், முழுப் பாரத்தில் மட்டும் சிறு மாதிரிக் கப்பலைத் தொட்டியில் ஓட்டிச் சோதித்த முடிவை யாராவது நீட்டினால், கப்பல் போன வருடம் நிஜமாக ஓடிய வேகத்தையும் நீரில் அமிழ்ந்திருந்த ஆழத்தையும் வைத்து மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள்.