அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க கன்சல்டன்சியில் பணம் கட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் படியுங்கள்

1,40,000 ரூபாய் போச்சு. கூடவே என் தங்கச்சியின் ஒரு வருஷமும் போச்சு. நேற்றுதான் கடைசியாக "ரீஃபண்ட் கிடையாது" என்று சொன்னார்கள், அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைக்கும் கன்சல்டன்சி அது. பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். திருச்சியில் ஒரு கிளை, சுவர் முழுக்க விசா வாங்கிய பிள்ளைகள் பாஸ்போர்ட்டோடு சிரிக்கும் போட்டோ. அப்பா எதையும் இரண்டு தடவை கேட்கிறவர். அன்றைக்கும் கேட்டார், "அப்ளிகேஷன் ஃபீஸை யுனிவர்சிட்டிக்கு நாங்களே நேரா கட்டிடலாமா மேடம்?" என்று. அந்த கவுன்சலர் லேப்டாப்பை அப்பா பக்கம் திருப்பி, "கட்டலாம் சார், ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனி போர்ட்டல், கார்டு ஃபெயில் ஆச்சுன்னா டெட்லைன் போயிடும். பாப்பா எக்ஸாமுக்குப் படிக்கட்டும், இதை நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். அவ்வளவுதான், அப்பா போனை எடுத்துவிட்டார். ஜிபேயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்பதால் 1,00,000 அங்கேயே, மீதி 40,000 மறுநாள் காலையில். அதில் 80,000 அவர்களுடைய சர்வீஸ் சார்ஜ், 60,000 எட்டு பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பக் கட்டணம்.

விண்ணப்பத்துக்கென்று தங்கச்சி பெயரில் அவர்களே புதிதாக ஒரு ஜிமெயில் திறந்தார்கள். பாஸ்வேர்டு கேட்டதற்கு, "எல்லா ஸ்டூடன்டுக்கும் இதுதான்மா ப்ராசஸ், நீங்க தெரியாம எதையாவது க்ளிக் பண்ணிட்டா அப்புறம் மாத்த முடியாது" என்று பதில்.

நவம்பர் கடைசியில் கேட்டால் அங்கே தேங்க்ஸ்கிவிங் லீவு. டிசம்பரில் "எல்லாம் சப்மிட் ஆயிடுச்சு, ரிசல்ட்டுக்கு வெயிட் பண்ணுங்க." ஜனவரியில் போர்ட்டலைக் காட்டுங்கள் என்றால் சர்வர் பிரச்சினை, அப்புறம் அந்த கவுன்சலரே வேலையை விட்டுப் போய்விட்டாராம், ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடுங்கள் என்றார்கள். ஹெட் ஆபீஸ் மறுபடி திருச்சியைக் கேட்கச் சொல்கிறது.

பொறுமை போய், தங்கச்சி தன் சொந்த மெயிலிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் கிராஜுவேட் அட்மிஷன் ஆபீஸுக்கே எழுதினாள். மறுநாளே பதில் வந்தது: உங்கள் ஜிஆர்இ (மேற்படிப்புக்கான தேர்வு) மதிப்பெண் வந்திருக்கிறது, விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, கட்டணம் கட்டவில்லை, டிசம்பர் 15 கடைசித் தேதி முடிந்துவிட்டது. மற்றவற்றுக்கும் எழுதிப் பார்த்தோம். எட்டில் மூன்றுதான் போயிருக்கிறது. அந்த மூன்றும் இவர்களுக்கு டை-அப் உள்ள இடங்கள், அங்கே மாணவர் சேர்ந்தால் இவர்களுக்கு கமிஷன். அவள் ஆசைப்பட்ட ஐந்தையும் சப்மிட் பண்ணவே இல்லை.

இதைவிட வயிறு எரிந்தது ஒன்று இருக்கிறது. சிபாரிசுக் கடிதத்தைப் பேராசிரியர் தன் மெயிலுக்கு வரும் லிங்க் வழியாகத் தானே ஏற்ற வேண்டும். அவளுடைய எச்ஓடிக்கு (துறைத் தலைவர்) எந்த லிங்க்கும் வரவில்லை. அவர் பெயரில் ஒரு ஜிமெயிலை உருவாக்கி, கடிதத்தையும் இவர்களே எழுதி ஏற்றியிருக்கிறார்கள்! பல்கலைக்கழகம் கண்டுபிடித்தால் அட்மிஷனை ரத்து செய்வார்கள். விசா விஷயத்தில் போலி ஆவணம், பொய்த் தகவல் என்று முடிவானால் அமெரிக்கச் சட்டப்படி ஆயுசுக்கும் தடை வரலாம். மாட்டுவது இவர்கள் இல்லை, பிள்ளைதான். அந்த மூன்று விண்ணப்பங்களையும் தங்கச்சியே எழுதி வாபஸ் வாங்கிவிட்டாள்.

பணத்தைக் கேட்டால் "சர்வீஸ் கொடுத்தாச்சு சார்" என்கிறார்கள். கட்டாத கட்டணத்துக்கு வாங்கிய பணமாவது? அதற்கும் அதே பதில். ரசீதில் வெறும் "பதிவுக் கட்டணம்" என்று 1,40,000 போட்டிருக்கிறது, கீழே பொடி எழுத்தில் திருப்பித் தரப்படாது என்று.

இன்னும் விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். மெயிலும் பாஸ்வேர்டும் பிள்ளை கையில்தான் இருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம், விசா கட்டணம் 185 டாலர், செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு முறை) கட்டணம் 350 டாலர், எதுவானாலும் அந்தந்தத் தளத்தில் நீங்களே கட்டுங்கள். சிபாரிசு லிங்க் வந்ததா என்று பேராசிரியரிடமே கேளுங்கள். ஆலோசனைதான் வேண்டுமென்றால் அமெரிக்க அரசின் எஜுகேஷன்யூஎஸ்ஏ மையம் சென்னையில் இருக்கிறது, எந்தப் பல்கலைக்கழகத்திடமும் கமிஷன் வாங்காதவர்கள்.

நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் சாட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். திருச்சிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்.