பவளத் தொட்டி: சில்லர், கேஎச், சுண்ணாம்பு நீர் – நீண்ட நாள் அனுபவம்

"பவளம் சுருங்கிக் கிடக்கிறது, கேஎச் பார்த்தேன், 8.5 இருக்கிறது, சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: போன வாரம் எவ்வளவு இருந்தது? பெரும்பாலும் பதில் வராது. கேஎச் என்பது, பவளம் எலும்பு கட்ட எடுக்கும் கார்பனேட் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவு. சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கூடத்தில் பல வருடமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். பவளம் 7.5-இலும் வாழும், 9-இலும் வாழும். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை இந்த இரண்டுக்கும் நடுவே ஏறி இறங்கினால் தாங்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் வாங்கிய ஒவ்வொரு கருவியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் மதிப்பிடுகிறேன்: தண்ணீரை ஒரே நிலையில் வைத்திருக்க இது உதவுகிறதா?

என்னுடையது நான்கு அடித் தொட்டி, கீழே சம்ப் (வடிகட்டும் துணைத்தொட்டி), எல்லாம் சேர்த்து 350 லிட்டர் தண்ணீர். பவளங்களில், அடியில் ஹாமர், டார்ச்; மேலே மான்டிபோரா, அக்ரோபோரா; மற்றவற்றோடு ஒட்டாமல் தனிப் பாறையில் சோவான்திட். பச்சை ஸ்டார் பாலிப் அழகுதான், ஆனால் கண்ணாடி வரை படர்ந்துவிடும் என்பதால் அதற்கும் தனிப் பாறை.

முதலில் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம். இந்த ஊரில் பகலில் அறை 30, 31 டிகிரிக்குப் போய்விடும். விளக்கும் பம்பும் தங்கள் பங்குக்குத் தண்ணீரைச் சூடாக்கும். மின்விசிறி வைத்துக் குளிர்விப்பது காற்று வறண்ட இடங்களில் நன்றாக வேலை செய்யும். இங்கே ஈரப்பதம் அதிகம் என்பதால் அது ஓரளவுக்குத்தான் உதவுகிறது, தண்ணீரும் கூடுதலாக ஆவியாகிறது. அதனால் சில்லரை ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். 26 டிகிரியில் வைத்திருக்கிறேன், ஒரு டிகிரிக்குள் நிற்கிறது. வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, அது தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் விடுகிறது. தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தன் சூட்டைத் தானே இழுத்துக்கொண்டு நிற்காமல் ஓடும், மின்கட்டணம் எகிறும். காற்று புழங்கும் இடத்தில் வெளியே வைத்து, குழாயை நீட்டிவிடுவதே நல்லது. மாதக் கட்டணத்தில் இந்தத் தொட்டியின் பங்கில் பெரும்பகுதி சில்லருக்கே போகிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது; அது வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெருமளவு வாழ்கிறது. பழகிய உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளிலேயே இது நடந்தது. வெளுப்பதையும் திசு உரிவதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வெளுத்த பவளத்தில் திசு இருக்கும், கண்ணாடி மாதிரித் தெரியும், பாலிப் (பவளத்தின் பூப்போன்ற சிற்றுயிர்) வெளியே வரும். வெப்பத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து, உணவு கொடுத்தால் மீளலாம். அடியிலிருந்து திசு உரிந்து வெறும் எலும்பு தெரிந்தால் அது வேறு. அப்போது நான் முதலில் பார்ப்பது கேஎச்சைத்தான். உயிரோடு இருக்கும் நுனியை உடனே வெட்டித் தனியே ஒட்டிவிட வேண்டும்.

இனி கேஎச், அதாவது அல்கலினிட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடல்நீரில் இது ஏறக்குறைய 7 டிகேஎச் (கேஎச்சை அளக்கும் அலகு). கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், மெக்னீசியம் 1,300 அளவில். பவளம் எலும்பு கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்தே எடுக்கிறது: 1 டிகேஎச் குறைந்தால் கால்சியம் சுமார் 7 மில்லிகிராம் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேஎச் 8-இலிருந்து 6-க்கு வந்தால் கால்பங்கு போய்விட்டது. அதே நேரத்தில் கால்சியம் 420-இலிருந்து 406-க்குத்தான் வந்திருக்கும். வீட்டுச் சோதனைப் பெட்டியில் அந்த 14 மில்லிகிராம் வித்தியாசம் தெரிவதே கஷ்டம். கால்சியத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நான் கேஎச்சை வாரம் மூன்று நான்கு தடவை பார்க்கிறேன், கால்சியத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மெக்னீசியத்தை மாதம் ஒரு தடவை.

பார்ப்பதற்கு ஹன்னா கையடக்கச் சோதனைக் கருவி. நிறம் மாறும் நொடியைக் கண்ணால் பிடிக்க வேண்டியதில்லை, எண்ணே வந்துவிடும். கூடவே நிறம் பார்க்கும் சாலிஃபெர்ட் சோதனைப் பெட்டி ஒன்றும் இருக்கிறது. புது ரசாயனப் புட்டி திறக்கும்போதெல்லாம் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வேன். ஒரு விஷயம்: எப்போதும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலையில் எடுத்த அளவையும் மாலையில் எடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், இல்லாத ஏற்ற இறக்கம் இருப்பதுபோலத் தோன்றும்.

பவளம் எடுப்பதை ஈடுகட்ட நான் முதலில் நம்பியது சுண்ணாம்புத் தெளிவுநீர். சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைச் சுத்திகரித்த நீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுப்பது. முழுச்செறிவில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுதான் கரையும். என் தொட்டியில் நாளுக்கு 3 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. அந்த 3 லிட்டருக்குப் பதிலாகத் தெளிவுநீரையே ஊற்றினால் 350 லிட்டரில் ஏறக்குறைய 1 டிகேஎச் ஏறும், கால்சியமும் சரியான விகிதத்தில் கூடவே ஏறும். மலிவு. இன்னொரு நன்மையும் உண்டு. ஏர்கான் போட்டு மூடிய வீட்டில் கரியமில வாயு தேங்கி, தொட்டியின் பிஎச் 7.8-க்குக் கீழேயே கிடக்கும். சுண்ணாம்பு நீர் அந்த வாயுவைப் பிடித்துக்கொள்வதால் பிஎச் உயரும். அதனால் பிஎச் இறங்கும் இரவு நேரத்தில், சொட்டுச் சொட்டாக விடுகிறேன். ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழால் கழிவைப் பிரிக்கும் கருவியின்) காற்றுக் குழாயைச் சன்னலுக்கு வெளியே நீட்டியதும் நன்றாகவே உதவியது. ஆனால் முழுச்செறிவுச் சுண்ணாம்பு நீரின் பிஎச் 12.4. ஒரேயடியாக உள்ளே போனால் தொட்டியே போய்விடும். தானாக நீர் நிரப்பும் கருவி பழுதானால் எவ்வளவு உள்ளே போக முடியும் என்பதை வாளியின் அளவே தீர்மானிக்கிறது. ஆகவே சின்ன வாளிதான் வைத்திருக்கிறேன்.

பவளங்கள் வளர வளரச் சுண்ணாம்பு மட்டும் போதவில்லை. இப்போது கூடவே சோடா கரைசலும் கால்சியம் குளோரைடு கரைசலும் டோசிங் பம்பில் (அளந்து ஊற்றும் பம்பில்) போகின்றன. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் விடக் கூடாது. கலந்த இடத்திலேயே வெண்ணிறமாகப் படிந்துவிடும். சமையல் சோடாவில் கணக்கிட்டால் 350 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற ஏறக்குறைய 10 கிராம் போதும். இவ்வளவு சின்ன அளவு என்பதால்தான் கையால் போடுவதைவிடப் பம்ப் நல்லது. ஒரு நாள் அளவைப் பல துளியாகப் பிரித்துப் போடும். அதன் குழாய் நாளடைவில் தளர்ந்து அளவு மாறிவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவுக்கோப்பை வைத்துச் சரிபார்க்கிறேன். கேஎச் இறங்கிவிட்டால்கூட ஒரே நாளில் 1-க்கு மேல் ஏற்றுவதில்லை.

நைட்ரேட், பாஸ்பேட் விஷயத்தில் பழைய அறிவுரை இரண்டையும் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லும். நான் அதை ஏற்கவில்லை. இரண்டும் பூஜ்யத்துக்கு வந்த தொட்டிகளில் பவளம் வெளிறிப்போவதையும், மணலிலும் பாறையிலும் குமிழோடு கூடிய பழுப்புக் கோழை, அதாவது டைனோஃபிளாஜெல்லேட், பரவுவதையும் நண்பர்கள் வீடுகளில் பார்த்திருக்கிறேன். என் தொட்டியில் லிட்டருக்கு நைட்ரேட் 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 மில்லிகிராம். மீன்களுக்குத் தாராளமாகவே தீனி போடுகிறேன். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்புத் துகளைப் பயன்படுத்தினால் பரிந்துரைத்ததில் கால்பங்கில் தொடங்குங்கள். பாஸ்பேட் திடீரென்று சரிந்தாலும் அக்ரோபோரா உரியும்.

விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல எல்இடி எதுவும் போதும்; வாங்கிய பிறகு அமைப்பை அடிக்கடி மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். ஒளி அளக்கும் கருவியை இரவல் வாங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி) அளவு அக்ரோபோராவுக்கு 250-க்கு மேல், ஹாமருக்கு 100 சுற்றி இருந்தால் நிம்மதி.

தண்ணீருக்கு வருவோம். சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமைன் கலக்கிறார்கள். வடிகட்டியின் கரி அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும். அதைப் பிடிப்பது கடைசியில் உள்ள டிஐ ரெசின் (கரைந்த அயனிகளைப் பிடிக்கும் மணிகள்). ரெசின் நிறம் மாறிய பிறகும் ஓட்டாதீர்கள். உப்பின் அளவு ஆயிரத்துக்கு 35. அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சுத்த நீரில் சரிசெய்வதைவிட 35 அளவுக் கரைசலில் சரிசெய்வது நம்பகமானது, ஏனென்றால் நாம் அளக்கப்போவது அந்த இடத்தில்தான்.

புதிய பவளம் எதுவும் நேராகத் தொட்டிக்குள் போவதில்லை. மருந்து நீரில் நனைத்து, மென்மையாக அலசி, ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை வெட்டி எறிந்துவிடுகிறேன். பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு நனைப்பில் சாகும், அதன் முட்டை சாகாது. முட்டை இருப்பது பெரும்பாலும் அடியில்தான். அப்புறம் சில வாரம் தனித் தொட்டி. சோவான்திட், அதற்கு நெருங்கிய பாலிதோவா வைத்திருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று: அவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவை ஒட்டிய பாறையைக் கொதிக்க வைப்பதோ வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ கூடவே கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்தே வீட்டிலுள்ள மொத்தப் பேரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு.

பவளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நான் விடாமல் கேட்பேன். கல்பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. இங்கே இறக்குமதிக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டில் படிப்பவர்கள் கவனியுங்கள்: இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கல்பவளங்கள் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் கிடைத்த இறந்த துண்டை வீட்டுக்குக் கொண்டுவருவதும் குற்றம்தான். இந்தோனேசியா 2018-இல் பவள ஏற்றுமதியை நிறுத்தியபோது இங்கே விலை ஏறியது. ஆனால் அந்தச் சமயத்தில்தான் பொழுதுபோக்காளர்கள் ஒருவருக்கொருவர் துண்டு வெட்டிக் கொடுப்பது நன்றாகப் பரவியது. இப்போது என் தொட்டியில் பாதிக்கு மேல் அப்படி வந்தவை. விளக்கொளியிலும் கலந்த உப்புநீரிலும் பல தலைமுறை வளர்ந்த துண்டு, கடலிலிருந்து எடுத்ததைவிட எளிதாக ஒட்டிக்கொள்கிறது.

துண்டு வாங்கப் போகும்போது விலைக்கு முன்னால் அவர்கள் தொட்டியின் கேஎச்சைக் கேட்பேன். என்னுடையது 8. பை மிதக்கவிட்டு, ஒரு மணி நேரம் நம் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டால் வெப்பமும் உப்பும் சமமாகும். ஆனால் 11-இல் வளர்ந்த அக்ரோபோரா 8-க்குப் பழக அது போதாது. வித்தியாசம் 1-க்கு மேல் இருந்தால் ஹாமர், சோவான்திட் வாங்குவேன், அவை தாங்கும். அக்ரோபோரா என்றால், எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் விட்டுவிட்டு வந்துவிடுவேன்.